விக்கல் எடுக்கும் எஞ்சின்

பட்டறையிலிருந்து நேற்றுத்தான் திரும்பிய கார். நான்கு பிளக்குகளும் புதியவை. பணம் கொடுத்த ரசீது இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. ஆயினும் சிக்னலில் நிற்கும்போது வண்டி மறுபடியும் நடுங்குகிறது. மேடு ஏறுகையில் விக்கி விக்கி இழுக்கிறது. மெக்கானிக்குகள் இதனை 'மிஸ்ஸிங்' என்பர். கார் வைத்திருக்கும் நம் இல்லத்தார் பலருக்கு இது பழகிய தொல்லை.

ஒருமுறை வந்து மறையும் மிஸ்ஸிங் பெரிய செய்தியன்று. பழுது பார்த்த பின்னும் திரும்பத் திரும்ப வருவதே சோதனை. அப்படி வரும்போது பெரும்பாலும் நடந்திருப்பது யாதெனில், பாகம் மாற்றப்பட்டிருக்கும், காரணம் தேடப்பட்டிருக்காது. முதலில் பிளக், பிறகு காயில், பிறகு பெட்ரோல் பம்பு என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போனால், என்றேனும் ஒருநாள் சரியான பாகத்திற்கு வந்து சேரலாம்தான். ஆனால் அதற்குள் ஒரு மகளின் கல்லூரிக் கட்டணம் கரைந்து போயிருக்கும்.

எஞ்சினுக்குள் நடப்பதைச் சுருங்கச் சொல்லிவிடலாம். எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை பெட்ரோல் பற்றி எரிகிறது. நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து நொடிக்கு நூறு முறை! ஒவ்வொரு முறையும் பெட்ரோலும் காற்றும் உரிய அளவில் கலந்திருக்க வேண்டும். அக்கலவை நன்கு அழுத்தப்பட வேண்டும். சரியான கணத்தில் தீப்பொறி விழ வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் அந்தச் சுற்று வீண். அதுவே நாம் உணரும் விக்கல்.

இதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுவோர் உண்டு. அது சரியன்று. குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் லாரி ஒன்றை முந்த முற்படும் கணத்தில் எஞ்சின் விக்கினால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதோடு எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் சென்று, அங்குள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்னும் புகை வடிப்பானுக்குள் எரிந்து அதனை உருக்கிவிடக்கூடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற அரிய உலோகங்களைக் கொண்ட அப்பாகத்தின் விலை ஒரு காயிலின் விலையைப் போலப் பல மடங்கு. டாஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் பட்டறைக்குச் செல்லுங்கள். அது விட்டுவிட்டு மினுக்கினால் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்திவிடுங்கள். கன்வெர்ட்டர் கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதே அந்த மினுக்கலின் பொருள்.

அம்பாஸிடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் மெக்கானிக்குகள் ஓர் எளிய முறை வைத்திருந்தனர். எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவர். எந்த வயரைக் கழற்றியபோது எஞ்சினின் ஓசை மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரே ஏற்கெனவே உழைக்காமல் இருந்தது என்று பொருள். இன்றைய கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் அமர்ந்திருக்கிறது. அதில் பாயும் மின்னழுத்தம் இருபதாயிரம் வோல்ட்டையும் தாண்டும். ஓடும் எஞ்சினில் அதைக் கழற்றினால் கையும் சுடும், கணிப்பொறியும் கெடும். யாரும் வீட்டில் முயல வேண்டாம்.

அந்த வேலையை இப்போது காரின் கணிப்பொறியே செய்கிறது. வகுப்பில் பிள்ளைகள் மாறி மாறிப் பாடம் ஒப்பிக்கையில் ஒருவன் தடுமாறினால், கண்ணை மூடியிருக்கும் ஆசிரியருக்கும் தெரிந்துவிடும் அல்லவா? அதுபோலவே ஒரு சிலிண்டர் எரியத் தவறும்போது கிராங்க் ஷாப்டின் சுழற்சி நொடியின் சிறு பகுதிக்குத் தளர்வதை ஒரு சென்சார் கவனித்து, குறியீடாக எழுதி வைக்கிறது. ஸ்கேனரில் பி0301 என வந்தால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் தவறு ஒரு சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி வருகிறது. காற்று, பெட்ரோல் என எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும்.

ஆனால் குறியீடு இடத்தைத்தான் காட்டும், காரணத்தைக் காட்டாது. பலரும் ஏமாறுவது இங்கேதான். 'மூன்றாவது சிலிண்டர்' என்று ஸ்கேனர் காட்டியவுடன் மூன்றாவது காயிலை மாற்றிவிடுகின்றனர். அதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, மூன்றாவது காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதை மூன்றாவதிலும் பொருத்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். தவறு காயிலோடு சேர்ந்து இரண்டாவதற்கு நகர்ந்தால் காயில் குற்றவாளி. மூன்றிலேயே நின்றால் காயில் நிரபராதி. பிறகு பிளக்கையும் இன்ஜெக்டரையும் அவ்வாறே இடம் மாற்றிப் பார்க்கலாம். இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாத பட்டறையை நான் நம்புவதில்லை.

காயில்தான் குற்றவாளி என்று தெரிந்த பின்னும் கேள்வி முடிவதில்லை: அது ஏன் கெட்டது? என் மைத்துனர் காரில் மூன்றாவது சிலிண்டரின் காயில் ஓராண்டுக்குள் இருமுறை மாற்றப்பட்டது. மூன்றாம் முறை விக்கியபோது முதிய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் காயிலை உருவி, பிளக் இருக்கும் குழிக்குள் டார்ச் விளக்கை அடித்துக் காட்டினார். "காயில் மேல குத்தம் இல்ல பாய். குழியில எண்ணெய் நிக்குது, பாருங்க" என்றார். எஞ்சினின் மேல் மூடியாகிய டாப்பட் கவரின் ரப்பர் கேஸ்கட் வெப்பத்தில் இறுகி, எஞ்சின் ஆயில் சொட்டுச் சொட்டாகக் குழிக்குள் கசிந்திருந்தது. அந்த ஆயில் காயிலின் ரப்பர் உறையை ஊறவைத்துவிடும். தீப்பொறி பிளக்குக்குச் செல்லாமல் பக்கவாட்டில் கசியும். புதிய காயில் சில மாதம் தாங்கும், அவ்வளவே. கேஸ்கட்டின் விலையோ காயிலின் விலையில் ஒரு சிறு பகுதிதான்! தேய்ந்த பழைய பிளக்கை அப்படியே விட்டுப் புதிய காயிலைப் போடுவதும் இதுபோன்றதே. பிளக்கின் இடைவெளி அகன்றிருந்தால் காயில் கூடுதலாக உழைத்து விரைவில் மாண்டுபோகும்.

கழற்றிய பிளக்கைத் தூக்கி எறிய விடாதீர்கள். அதன் முனை பல செய்திகளைச் சொல்லும். இளம் பழுப்பு நிறம் நலத்தின் அடையாளம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது தீப்பொறி பலவீனம். எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் எஞ்சினுக்குள் ஆயில் ஏறுகிறது. மற்றவை பழுப்பாயிருக்க ஒன்று மட்டும் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தால் ரேடியேட்டர் நீர் அந்தச் சிலிண்டருக்குள் கசிகிறதோ என ஐயுற வேண்டும்.

மெக்கானிக்கிடம் இல்லாத ஒரு கருவி நம்மிடம் இருக்கிறது. அது நாள்தோறும் அந்தக் காரில் அமரும் நம் நினைவு. விக்கல் எப்போது வருகிறது என்பதை ஒரு தாளில் குறித்து வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் வந்து சில நிமிடங்களில் மறைந்தால், இரவெல்லாம் ஒழுகும் இன்ஜெக்டரையோ ஹெட் கேஸ்கட்டையோ பார்க்க வேண்டும். வெளியே ஒழுக்கு இல்லாமலே கூலன்ட் நீர் குறைந்து வந்தால் பின்னதன் மீதே ஐயம் வலுக்கும். மாறாக, எஞ்சின் சூடேறிய பிறகே தொடங்கினால் வெப்பத்தில் விரிசல் விடும் காயில் முதலில் நினைவுக்கு வர வேண்டும். நிற்கும்போது நடுங்கி, வேகம் எடுத்ததும் சீராகிவிட்டால் எங்கேனும் ஒரு ரப்பர் குழாய் வெடித்து, கணக்கில் வராத காற்று உள்ளே புகுகிறது. ஐந்து பேர் ஏறி, ஏசியும் போட்டு, பாலம் ஏறும்போது மட்டும் விக்கினால் தீப்பொறி பலவீனம் அல்லது பெட்ரோல் அழுத்தம் குறைவு. மழை நாளில் மட்டும் என்றால் ஈரம் புகும் இடத்தைத் தேடுங்கள். பெட்ரோல் நிரப்பிய அன்றே தொடங்கியிருந்தால் அதில் நீர் கலந்திருக்கலாம்.

எரிவாயு பொருத்திய கார்களில் இன்னொரு வசதி உண்டு. எரிவாயுவில் விக்கி, பெட்ரோலுக்கு மாற்றியதும் சீரானால் எரிவாயுக் கருவியையோ தீப்பொறியையோ பார்க்க வேண்டும். எரிவாயுவைப் பற்றவைக்கக் கூடுதல் மின்னழுத்தம் தேவையாதலால் தளர்ந்த பிளக்கும் காயிலும் முதலில் அங்கேதான் தம் குறையைக் காட்டும். இரண்டிலும் ஒரே சிலிண்டர் தவறினால் கம்ப்ரஷன் சோதனை செய்யாமல் எதையும் வாங்காதீர்கள். வால்வு சரியாக மூடாத எஞ்சினுக்கு எத்தனை பிளக் மாற்றினாலும் பயனில்லை.

பழுது நீங்கியதா என்று பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. குறியீட்டை முதலில் எழுதிக்கொண்டு, பிறகே ஸ்கேனரில் அழிக்கச் சொல்ல வேண்டும். காலைக் குளிரில் மட்டும் வந்த விக்கலை மாலையில் ஓட்டிப் பார்த்துத் தீர்ந்தது என்பதில் பொருளில்லை. வண்டியை ஓரிரவு பட்டறையிலேயே விட்டுவிட்டு, மறுநாள் காலை நீங்களே சென்று, மெக்கானிக்கை அருகில் வைத்துக்கொண்டு முதல் முறை ஸ்டார்ட் செய்யுங்கள்.