சரளை ஏற்றத்தில் எந்தக் கியர்?

செங்குத்தான மண்பாதை, கால் வைத்தால் சரளை உருளும். மலைச் சைக்கிளில் வருபவர் ஏற்றம் தொடங்கும்போதே இருப்பதிலேயே லேசான கியருக்கு வந்துவிட்டார். காலில் பலம் இருக்கிறது, மூச்சும் இருக்கிறது. ஆனால் பாதி ஏற்றத்தில் பின்சக்கரம் சர்ரென்று நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. அடுத்த நொடி கால் தரையில். பின்னால் வந்தவர் ஒன்றிரண்டு கியர் கனமாக வைத்துக்கொண்டு, பதற்றமில்லாமல் மிதித்து மேலே போய்விடுகிறார். ஏற்றம் வந்தால் லேசான கியர் என்பதுதானே பாடம்? அந்தப் பாடம் பொய்யில்லை. ஆனால் அது காலுக்கான பாடம். டயருக்கு வேறு கணக்கு இருக்கிறது.

முதலில் காலின் கணக்கு. ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் மண்பாதையில் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் போக, ஏறத்தாழ 165 வாட் வேண்டும். அதில் 138 வாட் புவியீர்ப்பை எதிர்த்து எடையைத் தூக்குவதற்கே போய்விடும். மீதி, டயர் மண்ணில் அழுந்தி உருள்வதற்கு. எந்தக் கியர் போட்டாலும் இந்தத் தொகை குறையாது. அதை எத்தனை மிதியாகப் பிரித்துக் கொடுப்பது என்பது மட்டுமே நம் கையில்.

முன்னால் 32 பல், பின்னால் 51 பல், 29 அங்குலச் சக்கரம் என்றால், பெடல் ஒரு முறை சுற்றும்போது வண்டி சுமார் 1.44 மீட்டர் நகரும். பின்னால் 28 பல்லுக்கு மாற்றினால் 2.6 மீட்டர். அதே 6 கி.மீ. வேகத்துக்கு முதல் கியரில் நிமிடத்துக்கு 69 சுற்று, இரண்டாவதில் 38. பெடலை அழுத்தும் விசை முதலாவதில் சராசரியாக 13 கிலோ எடைக்குச் சமம், இரண்டாவதில் 24.

இந்த வித்தியாசத்தைத் தசை நன்றாகவே உணர்கிறது. 1992-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடல் செலவிடும் ஆக்சிஜன் அளவைச் சமமாக வைத்து, நிமிடத்துக்கு 50 சுற்றும் 100 சுற்றுமாக மிதிக்கச் செய்து தொடைத் தசையைச் சோதித்தார்கள். 50 சுற்றில் மிதித்தபோது, சீக்கிரம் களைத்துப்போகும் வேகத் தசைநார்களில் சேமிப்புச் சர்க்கரையாக இருந்த கிளைக்கோஜன் கூடுதலாகத் தீர்ந்திருந்தது. மூச்சு ஒன்றுதான், ஆனால் காலுக்குள் செலவாகும் கணக்கு வேறு. நீண்ட ஏற்றத்தில் கனமான கியரை அழுத்திக்கொண்டே போனவரின் தொடை கடைசிக் கிலோமீட்டரில் கைவிடுவது இதனால்தான்.

லேசான கியர் இல்லாத காலமும் இருந்தது. 1970-களில் கலிஃபோர்னியாவின் மாரின் பகுதி இளைஞர்கள், தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களில் தமல்பைஸ் மலைச்சரிவுகளில் பாய்ந்து இறங்கினார்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு ஒரே கியர். மேலே போகத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும், அல்லது பிக்கப் லாரியில் ஏற்றிப் போக வேண்டும். 1974 டிசம்பரில் அங்கே நடந்த ஒரு பந்தயத்துக்குக் குபர்டினோவிலிருந்து வந்த சிலர், தங்கள் தடித்த டயர் வண்டிகளில், சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் டிரெய்லியர் (derailleur) கியர் பூட்டியிருந்தார்கள். அதன்பின் மாரின் ஓட்டுநர்களில் ஒருவரான கேரி ஃபிஷரும் தன் வண்டிக்குக் கியர் பூட்டினார். மலைச் சைக்கிளின் பிறப்பு என்று பலரும் 1976-இல் அங்கே தொடங்கிய ரீபேக் இறக்கப் பந்தயத்தைச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இறங்குவதற்குப் புவியீர்ப்பே போதும். தள்ளாமல் மேலேயும் போகலாம் என்று ஆன நாளில்தான் அது மலைக்கான வண்டி ஆனது.

இனி டயரின் கணக்கு. சரிவை இரட்டிப்பாக்குவோம்: நூற்றுக்கு இருபது. வண்டி நிற்காமல் ஏற, பின்டயர் மண்ணைச் சராசரியாக 18 கிலோ எடைக்குச் சமமான விசையோடு பின்னுக்குத் தள்ள வேண்டும். மொத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு பின்சக்கரத்தில் இருக்கிறது, சரளை அதில் பாதியளவே பிடித்துக்கொடுக்கும் என்று கொண்டால், டயர் தாங்கும் எல்லை 28 கிலோ. தேவை 18, எல்லை 28. இந்தச் சிறிய இடைவெளிக்குள்தான் ஏற்றம் முழுவதும் நடக்கிறது.

கால் தரும் விசையோ சீரானதல்ல. பெடல் முன்பக்கம் படுக்கையாக இருக்கும்போது உச்சம். ஒரு பெடல் மேலும் மற்றது கீழுமாக நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லை. நல்ல ஓட்டுநரிடமும் உச்சம் சராசரியைப்போல் ஒன்றரை மடங்கு வரும். அதாவது 27, 28. ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறோம்.

இப்போது 70 கிலோ ஆள் ஒருவர் பதறிப்போய் முழு எடையையும் ஒரு பெடலில் போடுகிறார். 51 பல்லில் இருந்தால் டயர் மண்ணைத் தள்ளும் விசை 53 கிலோவுக்குப் போய்விடும். சக்கரம் சுற்றாமல் என்ன செய்யும்? 28 பல்லில் அதே தவறு 29 கிலோவோடு, கிட்டத்தட்ட எல்லையிலேயே, நின்றுவிடும். லேசான கியர் காலின் பலத்தைப் பெருக்குவதுபோல் காலின் தடுமாற்றத்தையும் பெருக்குகிறது. பின்னால் வந்தவரைக் காப்பாற்றியது இதுதான்.

அதற்காக 28 பல்வரை கனமாகப் போய்விடவும் முடியாது. இந்தச் சரிவில் 6 கி.மீ. வேகத்தில் போகும்போது மிதிப்பதை நிறுத்தினால், சுமார் 0.8 வினாடியில் வண்டி நின்றுவிடும். நிமிடத்துக்கு 38 சுற்று என்றால், அரைச் சுற்றுக்கு ஆகும் நேரமும் அதே 0.8 வினாடி. விசையற்ற அந்த மேல்-கீழ் நிலையைக் கடப்பதற்குள் வேகம் கரைந்துவிடும். மீண்டும் எழுப்ப ஓங்கி மிதிக்க வேண்டும். ஓங்கி மிதித்தால் டயர் வழுக்கும்.

ஆகவே உலக்கை போடுவதுபோல் மிதிக்காமல் ஆட்டுக்கல் சுற்றுவதுபோல் மிதிக்க வேண்டும். இதைக் கேட்டுப் பலர் பின்காலைத் தூக்கி இழுக்கப் பழகுகிறார்கள். 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, அப்படி வேண்டுமென்றே மேலிழுத்தால் அதே வேலைக்கு உடல் அதிக ஆற்றலைச் செலவிடுகிறது என்று காட்டியது. நான் சொல்லும் சுற்று அதுவல்ல. உச்சத்தில் அழுத்தத்தைச் சற்றே அடக்கி, பெடல் மேல்நிலையைக் கடக்கும்போது பாதத்தை முன்னே தள்ளி, கீழ்நிலையைக் கடக்கும்போது பின்னே துடைத்துவிட்டால் போதும். முட்டை வடிவப் பல்சக்கரம் செய்ய முனைவதும் இதைத்தான்: கால் வலுவாக இருக்கும் கோணத்தில் கியர் கனமாகி, வலுவற்ற கோணத்தில் லேசாகிறது.

உடலும் இந்தக் கணக்கில் சேர்த்தி. பாலத்தில் ஏறும்போது சீட்டைவிட்டு எழுந்து மிதிப்பது நமக்குச் சிறுவயதுப் பழக்கம். தார் பிடித்துக்கொள்ளும். சரளையில் எழுந்து முன்னே சாய்ந்தால் பின்டயர்மேல் உள்ள பாரம் குறைந்து, 28 என்ற எல்லையே சுருங்கிவிடும். பின்னே நன்றாக உட்கார்ந்தாலோ முன்சக்கரம் மேலெழும்பி, திசை கையைவிட்டுப் போகும். சீட்டின் மூக்குவரை நகர்ந்து உட்கார்ந்து, மார்பைத் தாழ்த்தி, முழங்கையை மடக்கிக் கீழே இறக்கினால் இரண்டு சக்கரமும் மண்ணைவிட்டு விலகாது.

இன்னொன்று, கியரை மாற்றும் நேரம். சிறிய பல்சக்கரத்திலிருந்து பெரியதற்குச் சங்கிலி ஏற, பெடல்மேல் பாரம் குறைவாக இருக்க வேண்டும். நடு ஏற்றத்தில் பாரத்தைக் குறைக்க நமக்கிருப்பது அந்த 0.8 வினாடிக்கும் குறைவு. கட்டாயம் நேர்ந்தால் ஒரு மிதி சற்று வலுவாகக் கொடுத்து, அதில் கிடைத்த வேகத்தில் அடுத்த அரைச் சுற்றை லேசாக விட்டு மாற்றலாம். ஆனால் சரளையில் அந்த வலுவான மிதிக்கே இடமில்லை. அதனால் பழகிய ஓட்டுநர் ஏற்றத்தைத் தூரத்தில் பார்த்தவுடனேயே, சமதளத்தில் பெடல் இலகுவாக இருக்கும்போதே கியரை மாற்றிவிடுவார்.