எந்தப் படத்தை எடுத்துவிடலாம்?

பொழுதுபோக்காகக் கேமரா வாங்கியவர்களுக்கு முதல் வருடம் வேகமாக ஓடிவிடும். அப்பெர்ச்சர், ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. மூன்றில் ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் எப்படி மாற வேண்டும் என்பது சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். அதற்கு யூடியூபே போதும். தேக்கம் வருவது அதற்குப் பிறகுதான். படம் தெளிவாக இருக்கிறது, வண்ணம் நன்றாக இருக்கிறது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல்கள் வந்து விழுகின்றன. ஆனால் போன தீபாவளிப் படத்தையும் இந்தத் தீபாவளிப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. அப்போது பலரும் புது லென்ஸுக்குக் காசு சேர்க்கத் தொடங்குகிறார்கள். படத்தைப் பார்த்துக் கண்ணில் பட்டதை அப்படியே சொல்லக்கூடிய ஒருவரைத் தேடுகிறவர்கள் குறைவு.

அப்படி ஒருவர் சொல்லும் ஒரே வாக்கியம் என்ன செய்யும் என்பதற்கு உப்பளத்தை எடுத்துக்கொள்ளலாம். தூத்துக்குடியில் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை உப்புக் குவியல், படத்தில் அழுக்குச் சாம்பலாக வந்து நிற்கும். புதிதாக எடுப்பவர் கேமரா சரியில்லை என்று நினைப்பார். காரணம் வேறு. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, எதிரே இருப்பது நடுத்தரமான சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. ஃபிரேம் முழுக்க வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் கூடிவிட்டது என்று குறைக்கும். கறுத்த எருமை நிறைந்திருந்தால் இருட்டு என்று கூட்டி, அதன் கருமையை வெளுக்கவிடும். “எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப் கூட்டிப் பாருங்கள்” என்று பக்கத்தில் நிற்பவர் சொன்னால் உப்பு வெள்ளையாகிவிடும். அதன்பின் வெள்ளை வேட்டிக் கூட்டத்தையும் மார்கழிப் பனியையும் அவரே சமாளித்துக்கொள்வார்.

ஒருவர் படத்தை இன்னொருவர் உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் நம் ஊருக்குப் புதிதல்ல. 1850களிலேயே மெட்ராஸில் புகைப்படச் சங்கம் தோன்றிவிட்டது. ஓவியப் பள்ளி தொடங்கிய டாக்டர் அலெக்ஸாண்டர் ஹன்ட்டர் அதில் முன்னின்றார். அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 1858-இல் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி சுமார் 19 அடி நீளச் சுருளாக்கியதும் அந்தக் காலத்தில்தான். கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு போகவே ஆள் வேண்டியிருந்த காலத்திலும், எடுத்ததை நான்கு பேர் முன்னால் வைக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

காட்டுயிர்ப் படங்களால் உலக அளவில் பேர் வாங்கிய டி.என்.ஏ. பெருமாளும் இப்படி வளர்ந்தவரே. பெங்களூரில் ஓ.சி. எட்வர்ட்ஸிடம் கற்றார்; பிறகு தன்னைத் தேடி வந்த இளைஞர்கள் பலருக்குக் கற்றுக்கொடுத்தார். இந்தக் கலையில் குரு, சீடன் என்ற உறவுக்கு இன்றும் இடம் இருக்கிறது. அந்த உறவு கிடைத்தவர் பாக்கியசாலி என்றே சொல்வேன்.

கிடைக்காதவர்களுக்குச் சங்கங்கள் உண்டு. மாதக் கூட்டத்தில் படம் திரையில் வரும், எடுத்தவர் பெயர் வராது. நடுவர் பேசுவார்: தொடுவானம் சாய்ந்திருக்கிறது, பாட்டியின் தலைக்குப் பின்னால் மின்கம்பம் முளைத்திருக்கிறது, ஓரத்தில் கிடக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பை கண்ணை இழுக்கிறது, கையை மணிக்கட்டில் வெட்டியிருக்கிறீர்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த முறை ஷட்டரை அழுத்தும் முன் கண் ஃபிரேமின் நான்கு ஓரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வரும். அந்தப் பழக்கத்தை எந்த லென்ஸாலும் தர முடியாது.

அதற்காக நடுவர் சொன்னதெல்லாம் வேதம் இல்லை. மூன்றில் ஒரு பங்கு விதியை வைத்துக்கொண்டு எல்லாப் படத்தையும் அளக்கிற நடுவர்கள் உண்டு. நிறமும் உருவமும் நடுவில் நிற்கக் கேட்கும் படத்தையும் ஓரத்துக்குத் தள்ளச் சொல்வார்கள். எது குறை என்பதிலேயே கருத்து வேறுபடலாம். கலிபோர்னியாவின் நிப்போமோவில் 1936-இல் டோரதியா லாங்கே எடுத்த, ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று உலகம் அறிந்த படத்தின் மூலையில், கூடாரக் கம்பைப் பிடித்திருக்கும் ஒரு கட்டைவிரல் தெரியும். கவனத்தைச் சிதறடிக்கிறது என்று லாங்கே பின்னால் அதை நெகட்டிவிலேயே மறைக்கச் செய்தார். அவரை வேலைக்கு அனுப்பிய ராய் ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. ஆவணத்தில் கை வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. ஒரு விரலுக்கு இரண்டு நியாயங்கள். என் ஓட்டு ஸ்ட்ரைக்கருக்கு.

ஆனால் அதே ஸ்ட்ரைக்கர் இன்னொரு காரியமும் செய்தார். தனக்கு வேண்டாத நெகட்டிவ்களில் துளைக்கருவியால் ஓட்டை போட்டார். நிலத்தின் நடுவிலும் முகத்தின் மேலும் கறுப்பு வட்டத்தோடு அந்தப் படங்கள் இன்றும் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. ஏன் வேண்டாம் என்பதை அந்த ஓட்டை சொல்லாது. “நல்லா இல்லை” என்று மட்டும் சொல்லும் விமர்சனமும் அப்படிப்பட்டதுதான். “சூப்பர்” என்பதும் அதே வகை. இரண்டிலும் எடுத்தவருக்குக் கற்க ஒன்றும் இல்லை.

யாரிடமும் காட்டாமலே பெரிய படங்கள் எடுத்தவர் உண்டே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மேயர் லட்சத்துக்கும் மேல் படங்கள் எடுத்தார்; 2007-இல் அவர் பெட்டிகள் ஏலத்துக்கு வந்த பிறகுதான் வெளியுலகம் பார்த்தது. கழுவாத ஃபிலிம் சுருள்களே ஏராளம். அப்படிப்பட்ட கண் அபூர்வம். அதை நம்பி மற்றவர்கள் பெட்டியை மூடி வைப்பது நல்லதல்ல.

கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. “எப்படி இருக்கு?” என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில்தான் வரும். “முதலில் கண் எங்கே போனது?” என்று கேளுங்கள். நீங்கள் மீனவரின் முகத்தைக் காட்ட நினைத்திருப்பீர்கள். பார்ப்பவர் பின்னால் நிற்கும் சிவப்பு வாளியைச் சொல்வார். அங்கே ஒரு பாடம் தயார். படத்தைக் கையில் கொடுத்துவிட்டு விளக்கம் சொல்லாமல் இருப்பதும் முக்கியம். வெளிச்சம் போய்விட்டது, போலீஸ்காரர் விரட்டினார் என்பதெல்லாம் படத்துக்குள் தெரியாது. கேமரா தெரியாதவரிடமும் கேட்கலாம். தேநீர்க் கடைக்காரர் சொல்லும் பதில் சில சமயம் நடுவரின் பதிலைவிடக் கூர்மையாக இருக்கும்.

1853-இல் லண்டனில் தொடங்கிய ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி, தன் முதல் நிலைத் தகுதிக்குப் பத்துப் படங்கள் கேட்கிறது. பத்தும் சேர்ந்து நிற்கின்றனவா என்றும் பார்க்கிறார்கள். பட்டம் வேண்டாதவர்களும் இந்த முறையைக் கடன் வாங்கலாம். இந்த மாதம் எடுத்தவற்றில் பத்தை ஸ்டுடியோவில் அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போடுங்கள். செலவு அதிகம் ஆகாது. மேசையில் பரப்பி, உங்களை முகஸ்துதி செய்யாத ஒருவரை அழைத்து, எந்த ஒன்றை எடுத்துவிடலாம், ஏன் என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.