பின்னால் வந்தவரை முன்னால் அழைப்பது ஏன்?

மருந்தகத்தின் முன் காத்திருப்போரிடம் பொதுவாகக் காணப்படும் மனக்குறை ஒன்று உண்டு. தமக்குப் பின்னால் சீட்டுக் கொடுத்தவரைத் தமக்கு முன்னால் அழைக்கிறார்களே என்பதுதான் அது. இவ்வாறு அழைப்பது எப்போதும் பாரபட்சத்தால் நேர்வதன்று. அதன் பின்னே ஒரு கணக்கும் இருக்கக்கூடும். அக்கணக்கை அறிந்தால், எப்போது பொறுத்திருக்கலாம், எப்போது வாய்திறந்து சொல்ல வேண்டும் என்பது நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் விளங்கும்.

மருத்துவமனைப் பணிகள் பல இரண்டு படிகளில் நடைபெறுகின்றன. ஒருவர் ஆயத்தம் செய்கிறார். மற்றொருவர் முடித்துக் கொடுக்கிறார். முதற்படி முடியாமல் இரண்டாம் படியைத் தொடங்க இயலாது. ஆயத்தம் தாமதமானால் அடுத்தவர் வேலையின்றி அமர்ந்திருக்க நேரிடும்.

இதைத் தவிர்க்கும் ஏற்பாட்டிற்கு நம் பகுதியிலேயே நல்ல சான்று உண்டு. மருத்துவர் ஜி. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று திண்டுக்கல்லிலும் இயங்குகிறது. அம்மருத்துவமனையின் கண்புரை அறுவை அரங்கில் மருத்துவருக்கு இரண்டு மேசைகள் அருகருகே இருக்கும். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே மற்றொன்றில் செவிலியர் அடுத்த நோயாளியை ஆயத்தப்படுத்திவிடுவர். மருத்துவர் ஒருவருக்கு முடித்தவுடன் அடுத்தவர் பக்கம் திரும்பலாம். கண்புரை சிகிச்சைக்குப் பெரும்பாலும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் தேவைப்படுவதால், அங்கே யாரை முதலில் அழைப்பது என்பது பெரிய கேள்வியாக எழுவதில்லை.

மருந்தகத்தில் நிலை வேறு. ஒருவர் மருந்துகளை எடுத்து வைக்கிறார். மற்றொருவர் சரிபார்த்து, உட்கொள்ளும் முறையை விளக்கிக் கொடுக்கிறார். இவ்விரு வேலைகளுக்கும் ஆகும் நேரம் சீட்டுக்குச் சீட்டு மாறும். நால்வர் இந்த வரிசையில் வந்திருப்பதாகக் கொள்வோம். நத்தத்துப் பெரியவருக்கு வழக்கமான மாத்திரைகள்: எடுக்க 5 நிமிடம், விளக்க 2 நிமிடம். வேடசந்தூர் அம்மையாருக்குப் புதிதாக இன்ஹேலர்: எடுக்க 1, விளக்க 6. ஒட்டன்சத்திரத்து இளைஞருக்கு அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மருந்துகள்: எடுக்க 9, விளக்க 7. நிலக்கோட்டைப் பெண்மணிக்கு முதன்முறையாக இன்சுலின்: எடுக்க 3, விளக்க 8.

வந்த வரிசையிலேயே கொடுத்தால் நால்வருக்கும் முடிய 30 நிமிடம் ஆகும். அதில் 7 நிமிடம், விளக்குபவர் மருந்து வந்து சேராமல் காத்திருப்பார்.

1954ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணிதவியலாளர் எஸ். எம். ஜான்சன் இதற்கு எளிய விதி ஒன்றை வெளியிட்டார். எல்லா நேரங்களிலும் மிகச் சிறியதைப் பாருங்கள். அது முதற்படியின் நேரமானால் அவரை வரிசையின் முன்னால் வையுங்கள். இரண்டாம் படியின் நேரமானால் பின்னால் வையுங்கள். அவரை நீக்கிவிட்டு, எஞ்சியவர்களுக்கும் இவ்வாறே செய்யுங்கள்.

மேற்கண்ட நால்வரில் மிகச் சிறிய நேரம் அம்மையாரின் 1, அவர் முதலில். அடுத்தது பெரியவரின் 2. அது விளக்கும் நேரமாதலால் அவர் கடைசியில். பின் பெண்மணியின் 3, அவர் இரண்டாவது. இளைஞர் மூன்றாவது. இப்போது 24 நிமிடத்தில் எல்லாம் முடிகிறது. இதற்கும் குறைக்க வழியில்லை. விளக்குவதற்கு மட்டுமே 23 நிமிடம் வேண்டும்; முதல் மருந்து கைக்கு வரக் குறைந்தது 1 நிமிடம் ஆகும்.

ஆயினும் இங்கே ஒருவருக்கு இழப்பு உண்டு. முதலில் வந்த பெரியவர் 7ஆம் நிமிடத்தில் புறப்பட்டிருக்க வேண்டியவர். 24ஆம் நிமிடம் வரை காத்திருக்கிறார். மொத்த வேலை விரைவில் முடிவது வேறு. ஒவ்வொருவரும் விரைவில் வீடு செல்வது வேறு. ஜான்சனின் விதி முன்னதை மட்டுமே அறியும். அவர் சர்க்கரை நோயாளி என்பதும், காலையிலிருந்து ஒன்றும் உண்ணவில்லை என்பதும் அதற்குத் தெரியாது.

அத்தகைய நிலையில் பெரியவரை முதலில் அனுப்பினால் என்ன ஆகும்? அவருக்குப் பின் அம்மையார், பெண்மணி, இளைஞர் என அழைத்தால் 28 நிமிடத்தில் முடியும். அவருக்காக மற்ற மூவரும் சற்றுப் பொறுக்க வேண்டும். வேலை முடிய 4 நிமிடம் மட்டுமே கூடும். அது வந்த வரிசையில் கொடுப்பதைவிடவும் குறைந்த நேரமே. ஆகவே உங்கள் நிலையைத் தயங்காமல் சொல்லுங்கள். மயக்கம், நடுக்கம், மூச்சுத்திணறல், தாங்கொணா வலி ஆகியவை இருந்தால் உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள். அவசர நோயாளிக்கு எந்தக் கணக்கும் பொருந்தாது, அவரே முதல்வர்.

முதற்படியைச் சுருக்குவதில் உங்களுக்கும் பங்கு உண்டு. சீட்டின் எல்லாப் பக்கங்களையும் சேர்த்துக் கொடுங்கள். ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகளையும், ஒவ்வாத மருந்துகளையும் எழுதி வைத்திருங்கள்.

வீட்டில் நோயாளியை இருவர் கவனிக்கும்போதும் இவ்விதி உதவும். உடம்பு துடைக்க வெந்நீர் வைப்பது சிறிது நேரம், துடைப்பது நெடுநேரம். அதை முதலில் தொடங்குங்கள். ஒருவர் துடைக்கையில் மற்றவர் கஞ்சி காய்ச்சலாம். மருந்துக்கு மருத்துவர் குறித்த நேரத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றலாகாது.