ஹரமுக்கு எத்தனை அடி?
உம்ராப் பயணத்தில் தங்குமிடத்தைத் தெரிவு செய்தல்

உம்ராவுக்குப் போவதென்று ஒரு வீட்டில் நிய்யத் வைத்தால், முதலில் பேசப்படுவது திகதி. அடுத்தது பணம். அதற்கும் அடுத்தது யார் யார் போவது என்பது. எங்கே தங்குவது என்ற பேச்சு பெரும்பாலும் கடைசியில்தான் வரும். "தூங்குவதற்குத்தானே அறை? நாம் போவது இபாதத்துக்கு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த இபாதத்தில் எத்தனை வக்தை ஹரமில் நிறைவேற்றலாம் என்பதைத் தீர்மானிப்பதில் அந்த அறை இருக்கும் இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டில் வயதானவர்களோ, நோயாளிகளோ, சிறு பிள்ளைகளோ இருந்தால் இது இன்னும் உண்மை.

எங்கள் குடும்பத்தில் உம்மும்மா, வாப்பா, உம்மா, நான் என நால்வர் உம்ராவுக்குச் சென்றோம். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்ததால், முகவர்கள் தந்த துண்டுப்பிரசுரங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. உம்மும்மாவுக்கு வயது 73. இரண்டு முழங்கால்களிலும் வலி. பல வருடங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அவர் புறப்பட்டார். ஆகவே ஒவ்வொரு ஹோட்டலைப் பார்க்கும்போதும் நான் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: உம்மும்மா இங்கிருந்து நடந்து போவாரா? அப்போது தேடி அறிந்தவற்றையும் அங்கே கண்டவற்றையும், இனிமேல் போகவிருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

தூரத்தை எப்படிக் கணக்கிடுவது?

துண்டுப்பிரசுரங்களில் "ஹரமிலிருந்து 700 மீற்றர்" என்று இருக்கும். 700 மீற்றர் என்பது நமக்குப் பெரிய தூரமாகத் தெரியாது. ஆனால் அதை ஒரு தடவை மட்டும் நடப்பதில்லை. போய்வர 1,400 மீற்றர். ஐந்து வக்துக்கும் போய்வந்தால் நாளொன்றுக்கு 7 கிலோமீற்றர். இல்ல விளையாட்டுப் போட்டியில் நாம் ஓடும் 400 மீற்றர் ஓடுபாதையை நினைத்துப் பாருங்கள். அதைப் பதினேழரைச் சுற்றுச் சுற்றுவதற்கு இது சமம். ஒரு மூதாட்டி இதைப் பத்து நாட்கள் தொடர்ந்து செய்ய வேண்டும்.

இதற்கு மேல் உம்ராவின் நடை இருக்கிறது. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு தடவை நடப்பது மட்டும் ஏறத்தாழ 3 கிலோமீற்றர். கஃபாவுக்கு அருகில் தவாப் செய்தால் சுற்று சிறியது. நெரிசல் காரணமாக மேல்மாடியில் செய்ய நேர்ந்தால் ஒவ்வொரு சுற்றும் பல மடங்கு நீண்டுவிடும்.

அஸருக்குப் போனவர்கள் இஷா முடியும் வரை ஹரமிலேயே இருந்துவிட்டால் இந்த நடையைக் குறைக்கலாம். மக்காவில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ரமழான் அல்லாத காலத்தில் ஒன்றரை மணித்தியாலம்தான். அப்போது ஸுபஹ், ளுஹர், அஸர் என மூன்று தடவை போய்வந்தால் போதும். 700 மீற்றர் தொலைவிலுள்ள ஹோட்டலுக்கு இது 4.2 கிலோமீற்றர். 300 மீற்றர் தொலைவிலுள்ள ஹோட்டலுக்கு 1.8 கிலோமீற்றர் மட்டுமே.

அந்த 700 மீற்றரை எந்த இடம் வரை அளந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பெரும்பாலும் அது வெளிமுற்றத்தின் ஓரம் வரையான தூரம். ஹரம் மிகப் பெரியது. முற்றத்தின் ஓரத்திலிருந்து பெண்களுக்கான தொழுமிடத்தை அடையவே இன்னும் கணிசமாக நடக்க வேண்டியிருக்கும். நெரிசல் வேளைகளில் சில வாசல்களை மூடி வேறு வாசலுக்கு அனுப்புவார்கள். அப்போது நடை மேலும் கூடும்.

வரைபடம் காட்டாத மேடு

மக்கா மலைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தாக்கு. ஹரம் அந்தப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த இடத்தில் அமைந்திருக்கிறது. ஆகவே பல தெருக்கள் ஹரமிலிருந்து மேல்நோக்கி ஏறுகின்றன. தொழப் போகும்போது இறக்கம். தொழுது களைத்துத் திரும்பும்போது ஏற்றம். அஜ்யாத் பகுதியில் ஹோட்டல்கள் ஹரமுக்குக் கிட்டவாக இருந்தாலும், தெருவில் மேலே போகப் போக ஏற்றம் தெரியும். சக்கர நாற்காலியைத் தள்ளுபவருக்கு அந்த ஏற்றம் இரட்டிப்பாகத் தெரியும்.

ஹரமின் தெற்குப் பக்கமாக உள்ள மிஸ்ஃபலா, இப்றாஹீம் கலீல் வீதிப் பகுதிகளில் நடுத்தர விலை ஹோட்டல்கள் பல உள்ளன. மிஸ்ஃபலா என்ற பெயரே தாழ்வான பகுதி என்ற கருத்தைத் தருவது. தெற்காசிய நாட்டவர் அதிகம் தங்குவதால் சோறும் கறியும் கிடைக்கும் சாப்பாட்டுக் கடைகளும் அங்கே உண்டு. மணிக்கூட்டுக் கோபுரம் உள்ள கட்டடத் தொகுதியிலும், மேற்கே ஜபல் உமர் பகுதியிலும் உள்ள ஹோட்டல்கள் முற்றத்துக்கு மிக அண்மையானவை. விலையும் அதற்கேற்ப உயர்ந்தது.

கூகுள் வரைபடத்தில் ஹோட்டலின் பெயரைப் போட்டு, நடந்து போகும் வழியைப் பாருங்கள். நேர்கோட்டில் 400 மீற்றராக இருப்பது, பாதை வழியே 800 மீற்றராகலாம். ஆனால் வரைபடத்தைத் தட்டையாகப் பார்க்கும்போது மேடு தெரியாது. அதை அறிய, அங்கே தங்கியவர்கள் எழுதிய கருத்துகளை வாசிக்க வேண்டும். புதியவற்றை முதலில் வாசியுங்கள். மக்காவில் கட்டட வேலைகள் தொடர்ந்து நடப்பதால் பழைய கருத்து இன்று பொருந்தாமல் போகலாம். "ஏற்றம்", "லிப்ட்", "சக்கர நாற்காலி" என்ற கருத்தில் வரும் சொற்களைத் தேடிப் பார்த்தால், நட்சத்திரங்களின் எண்ணிக்கை சொல்லாததை அவை சொல்லும்.

பஸ் வசதி உண்டு என்றால்

அஸீஸிய்யா போன்ற பகுதிகள் ஹரமிலிருந்து சில கிலோமீற்றர் தள்ளி, மினாவின் பக்கமாக உள்ளன. அறைகள் விசாலமானவை, மலிவானவை. ஹோட்டல் பஸ் ஹரமுக்கு அழைத்துச் செல்லும் என்பார்கள். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூன்று விடயங்களைக் கேட்டறிய வேண்டும். பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை வரும்? இறக்கிவிடும் இடத்திலிருந்து முற்றத்துக்கு எவ்வளவு தூரம்? வெள்ளிக்கிழமையும் ரமழானிலும் பஸ் ஓடுமா? ஜும்ஆ வேளையிலும் ரமழான் இரவுகளிலும் ஹரமைச் சூழ்ந்த வீதிகளில் வாகனங்களை மறிப்பது வழக்கம்.

எங்களுடன் ஒரே விமானத்தில் வந்த இன்னொரு குடும்பம் தூரத்திலுள்ள ஹோட்டல் ஒன்றில் தங்கியிருந்தது. உம்ராவை முடித்த பின்னர், பஸ்ஸில் ஏறி இறங்க இயலாமல் அந்தத் தாயார் பெரும்பாலான வக்துகளை அறையிலேயே தொழுததாக அவருடைய மகள் என் உம்மாவிடம் சொன்னார். கஃபாவுக்கு இவ்வளவு அருகில் வந்தும் அதைப் பார்க்காமல் நாட்கள் கழிவதை நினைத்து அந்தத் தாயார் அழுதாராம். அதைக் கேட்டபோது தங்குமிடம் சிறிய விடயமல்ல என்பது எனக்கு உறைத்தது.

அதேவேளை, தூரத்தில் தங்குபவர்கள் மனம் உடைய வேண்டியதில்லை. மக்காவின் ஹரம் எல்லை பள்ளிவாசலின் சுவரோடு முடிந்துவிடுவதில்லை. அஸீஸிய்யாவும் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது. பன்மடங்கு நன்மை ஹரம் எல்லை முழுவதற்கும் உரியது என்று கருதும் இமாம்கள் பலர் உள்ளனர். கஃபாவைச் சூழ்ந்த பள்ளிவாசலுக்கே உரியது என்போரும் உள்ளனர். புறப்படும் முன்னர் ஊர் ஆலிம் ஒருவரிடம் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

அறைக்குள் பார்க்க வேண்டியவை

உயரமான ஹோட்டலில் தொழுகை முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். லிப்டுக்கு முன்னால் நீண்ட வரிசை நிற்கும். ஆகவே லிப்டுகள் எத்தனை என்று கேளுங்கள். முடிந்தவரை கீழ்மாடியில் அறை தருமாறு முன்கூட்டியே சொல்லுங்கள்.

குளியலறையில் ஏறி இறங்க வேண்டிய குளியல் தொட்டி இருந்தால் முழங்கால் வலி உள்ளவருக்கு அது ஆபத்து. கழிப்பறை எந்த வகை என்பதும் முக்கியம். ஒரு நாளில் பல தடவை வுழூச் செய்பவர்களுக்கு வழுக்காத தரை வேண்டும்.

கூட்டமாகச் செல்லும்போது ஓர் அறையில் நால்வரைத் தங்கவைப்பது வழக்கம். நாங்கள் நால்வரும் ஒருவருக்கொருவர் மஹ்ரமான ஒரே குடும்பத்தவர் என்பதால் எங்களுக்கு அது எளிதாயிற்று. அப்படி அமையாதபோது பெண்கள் அறிமுகமில்லாத பெண்களுடன் தங்க நேரிடும். யாருடன் என்பதைப் புறப்படும் முன்னரே கேட்டு அறிந்துகொள்ளலாம். தொழுகை இல்லாத நாட்கள் வரும் பெண்கள், மற்றவர்கள் ஹரமுக்குப் போனபின் பல மணித்தியாலம் அறையில் தனியே இருப்பார்கள். கதவை உள்ளிருந்து பூட்டும் வசதி, அருகில் உணவு, வரவேற்பிடத்தில் ஆள் இருப்பது ஆகியவை அப்போது அவசியமாகும். இதைப் பெண்கள் கேட்டால்தான் உண்டு. முகவர்கள் தாமாகச் சொல்வது குறைவு.

மதீனாவில் எந்தப் பக்கம்?

மஸ்ஜிதுன் நபவியைச் சூழ்ந்த நிலம் பெரும்பாலும் சமதரை. ஆகவே இங்கே மேட்டைவிடத் திசைதான் முக்கியம். பச்சைக் குப்பா பள்ளிவாசலின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. பெண்களின் தொழுமிடங்களோ வடக்குப் பக்கமாக உள்ளன. தெற்குப் பக்க ஹோட்டல் ஒன்று "50 மீற்றர்" என்று விளம்பரம் செய்தாலும், பெண்கள் பெரிய முற்றத்தைச் சுற்றிக்கொண்டு வடக்கே வரவேண்டியிருக்கும். பெண்கள் கூடுதலாக உள்ள குடும்பத்துக்கு வடக்குப் பக்க ஹோட்டலே வசதி. துண்டுப்பிரசுரங்கள் எதிலும் இதை நான் காணவில்லை. வரைபடத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

றவ்ழாவுக்குள் செல்ல நுஸுக் செயலியில் அனுமதி பெற வேண்டும். பெண்களுக்கு வேறு நேரம், ஆண்களுக்கு வேறு நேரம். கிடைக்கும் நேரம் இரவாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் பெண்கள் நடந்துபோய் வரத்தக்க தூரத்தில் அறை இருப்பது நல்லது.

பணம் போதாவிட்டால்

எல்லாரும் அருகில் தங்க விரும்புவார்கள். எல்லாரிடமும் அதற்கான பணம் இருக்காது. எங்கள் வாப்பாவின் கணக்கும் முதலில் இடிக்கத்தான் செய்தது. பதினான்கு நாட்கள் தூரத்தில் தங்குவதா, பத்து நாட்கள் அருகில் தங்குவதா என்று பேசிப் பத்து நாட்களையே தெரிவு செய்தோம். ஐந்து நட்சத்திரத்தை விட்டு மூன்று நட்சத்திரத்துக்கு இறங்கினோம். காலை உணவை ஹோட்டலில் எடுக்காமல் வெளியே வாங்கினோம். ரமழானையும் பாடசாலை விடுமுறையையும் தவிர்த்தால் செலவு குறையும். ஆக, நாட்களைக் குறைக்கலாம், நட்சத்திரத்தைக் குறைக்கலாம், சாப்பாட்டைச் சுருக்கலாம். நடக்க இயலாதவரின் தூரத்தை மட்டும் கூட்டக்கூடாது.

முதல் இரண்டு நாட்கள் உம்மும்மாவை மஃரிபுக்கும் இஷாவுக்கும் மட்டுமே அழைத்துச் சென்றோம். மூன்றாம் நாள் இரவு, "மகள், ஸுபஹுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போங்க, எனக்கு ஏலும்" என்றார். அதன்பின் அவர் ஒரு ஸுபஹையும் விடவில்லை.

முகவரிடம் கேட்க வேண்டியவை

முகவர் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். மக்காவிலும் மதீனாவிலும் தரப்போகும் ஹோட்டல்களின் பெயர்களை எழுத்தில் வாங்குங்கள். "அல்லது அதற்கு நிகரான ஹோட்டல்" என்ற வாசகம் இருந்தால், நிகர் என்பது நட்சத்திரத்திலா தூரத்திலா என்று கேளுங்கள். தூரமும் அதில் எழுதப்பட வேண்டும். அறையில் எத்தனை பேர், அறை எத்தனை மணிக்குக் கையளிக்கப்படும் என்பவற்றையும் கேளுங்கள். பல ஹோட்டல்கள் பிற்பகலில்தான் அறை தரும். அதிகாலையில் போய்ச் சேரும் வயதானவர், இஹ்ராமுடன் வரவேற்பிடத்து நாற்காலியில் பல மணித்தியாலம் காத்திருக்கக்கூடாது.

சகோதரிகளே, இன்று நம் வீடுகளில் இணையத்தில் தேடத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நாம்தான். நம் பெரியவர்கள் பயணத்துக்கு ஆயத்தமாகும்போது, ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி அந்த வரைபடத்தை அவர்களுக்கு முன்னால் விரித்துக் காட்டுவோம். அவர்கள் எவ்வளவு தூரம் நடப்பார்கள் என்பதை அவர்களிடமே கேட்போம். அதுவும் பெற்றோருக்குச் செய்யும் ஒரு பணிவிடைதான்.

வல்ல அல்லாஹ் தன் இல்லத்தைத் தரிசிக்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும், குறிப்பாக நம் வீட்டு முதியவர்களுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.