இரண்டரை மில்லிமீற்றர்

முப்பது ஆண்டுகள் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்ற என்னிடம் பழைய மாணவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் தம் பிள்ளைகளின் பரீட்சை பற்றியனவாகவே இருக்கும். சென்ற ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலிருந்து ஒரு மாணவர் எழுதிய கடிதம் அவ்வகையினதன்று. அவர் வாழும் தெருவில் இரு வீடுகளில் இரவு வேளையில் கள்வர் புகுந்தனராம். மனைவியும் பதினைந்து வயது மகனும் உள்ள வீட்டுக்குக் காவலாகக் கைத்துப்பாக்கி ஒன்று வாங்க அவர் எண்ணினார். கடைக்காரர் 9 மில்லிமீற்றர் போதும் என்றாராம், அயல்வீட்டுக்காரரோ.45 இற்குக் குறைந்த எதையும் நம்பாதே என்றாராம். "சேர், இயக்கப்பாட்டுச் சக்தி பற்றி நீங்கள் படிப்பித்தது மறக்கவில்லை. இரண்டில் எது மேலென்று கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கடிதம் முடிந்திருந்தது.

துப்பாக்கியைக் கையால் தொட்டறியாதவன் நான். ஆயினும் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை தேடாமல் இருப்பது ஆசிரியனுக்கு அழகன்று. தேடினேன். தேடியதில் நான் கற்றதையே வாசகர்களோடு இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் எண்களின் பொருளை அறிவோம். .45 என்பது குண்டின் விட்டம் ஓர் அங்குலத்தை நூறு பங்காக்கினால் நாற்பத்தைந்து பங்கு என்பதைக் குறிக்கும். மில்லிமீற்றரில் ஏறத்தாழ 11.5. மற்றையது 9. ஆகவே வேறுபாடு இரண்டரை மில்லிமீற்றர், ஒரு நெல்மணியின் அகலம். இந்த நெல்மணி அகலத்தைப் பற்றியே அமெரிக்கர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாதிட்டு வருகின்றனர்.

மாணவர் கேட்ட கணக்கைச் செய்து பார்த்தேன். வழக்கமான 9 மில்லிமீற்றர்க் குண்டின் திணிவு 8 கிராம். வேகம் செக்கனுக்கு 350 மீற்றர் அளவில். .45 குண்டின் திணிவு 15 கிராம். வேகம் 255 மீற்றர் அளவில். திணிவின் பாதியை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கினால் இரண்டுக்கும் ஏறத்தாழ 490 யூல் வருகிறது. ஒன்று இலேசாகி விரைந்து செல்கிறது. மற்றையது கனத்து மெல்லச் செல்கிறது. சக்தி ஒன்றே. உந்தத்தில் மட்டும் .45 மூன்றிலொரு பங்கு மிஞ்சுகிறது. ஆனால் அந்த உந்தம் சுடுபவரின் கையையும் அவ்வளவுக்குப் பின்தள்ளும் என்பது நியூற்றனின் மூன்றாம் விதி.

குண்டு பட்டவன் பின்னோக்கித் தூக்கி எறியப்படுவதைத் திரைப்படங்களிற் காண்கிறோம். அது வெறுங் கற்பனை. 70 கிலோகிராம் திணிவுள்ள ஒருவனின் உடலில் .45 குண்டு முழுவதும் தங்கிவிட்டாலும் அவன் பெறும் வேகம் செக்கனுக்கு ஐந்தரைச் சென்ரிமீற்றரே. தவழும் குழந்தையும் இதனினும் விரைந்து செல்லும்.

அப்படியாயின் .45 இற்கு இத்தனை பெருமை எங்கிருந்து வந்தது? அதற்குப் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குச் செல்லவேண்டும். 1899இல் அங்கு தொடங்கிய போரில் அமெரிக்க அதிகாரிகளின் இடுப்பில் இருந்தது .38 சுழல்துப்பாக்கி. தென்தீவுகளின் மோரோ மக்கள் வாளேந்திப் பாய்ந்து வந்தபோது, பல குண்டுகள் பட்ட பின்னும் அவர்கள் நிற்கவில்லை என்று முறைப்பாடுகள் எழுந்தன. பழைய .45 சுழல்துப்பாக்கிகள் மீண்டும் வெளியே எடுக்கப்பட்டன. தம் நாட்டுக்காக உயிரை வெறுத்து வந்தவர்களின் மனவுறுதி, அமெரிக்கப் படையின் ஏடுகளில் குண்டின் விட்டம் பற்றிய ஒரு பிரச்சினையாகப் பதிவாயிற்று. வரலாற்றின் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

1904இல் தொம்சன், லகார்ட் என்னும் இருவர் பரிசோதனைக்கு நியமிக்கப்பட்டனர். முன்னவர் படைக்கலத்துறையினர், பின்னவர் மருத்துவர். சிக்காகோ நகரின் இறைச்சித் தொழுவங்களில் உயிருள்ள மாடுகளையும், வேறிடத்தில் மனிதப் பிணங்களையும் சுட்டுப் பார்த்தனர். பெறுபேறுகள் ஒழுங்கான முடிவுக்கு இடந்தருவனவாக இல்லை. எனினும் .45 இற்குக் குறைந்த குண்டு படைக்கு ஆகாது என அவர்கள் விதந்துரைத்தனர். அதே அறிக்கையில் இன்னொன்றும் உண்டு: உடலின் பெரும்பகுதியிற் குண்டு பட்டாலும் எதிரி உடனே வீழமாட்டான், ஆகவே குறிதவறாது சுடும் பயிற்சியே இன்றியமையாதது என்பது. முதல் வாக்கியம் வேதவாக்காயிற்று. இரண்டாம் வாக்கியத்தைப் பலர் மறந்தனர்.

1911இல் ஜோன் பிரவுணிங் வடிவமைத்த .45 கோல்ற் துப்பாக்கி படையின் ஆயுதமாயிற்று. இரு உலகப் போர்களையும் கண்ட அது எழுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. ஐரோப்பாவிலோ ஒஸ்திரியரான லூகரின் 9 மில்லிமீற்றர் 1908இலேயே ஜேர்மன் தரைப்படையிற் புகுந்து பின்னர் பல நாடுகளுக்கும் பரவிற்று. 1985இல் அமெரிக்கப் படையும் அதற்கு மாறியது. பழையதில் ஏழு ரவைகள், புதியதிற் பதினைந்து.

வாதம் அத்துடன் அடங்கியிருக்கலாம். அடங்கவில்லை. 1986 ஏப்ரல் 11ஆந் திகதி மயாமி நகரில் எவ்.பி.ஐ. என்னும் புலனாய்வுப் பணியகத்தின் எட்டு அதிகாரிகள் இரு வங்கிக் கொள்ளையரை மறித்தனர். தொடக்கத்திலேயே ஒரு கொள்ளையனின் கையைத் துளைத்து மார்பினுட் சென்ற 9 மில்லிமீற்றர்க் குண்டு, இருதயத்துக்கு ஓரங்குலம் முன்னே நின்றுவிட்டது. அக்காயம் அவனைக் கொல்லத்தக்கது. ஆனால் அதற்குப் பின்னரே அவன் இரு அதிகாரிகளைக் கொன்றான். வேறு ஐவர் காயமுற்றனர். கொள்ளையர் இருவரும் இறுதியில் மாண்டனர்.

பழி குண்டின்மேல் விழுந்தது. அதன்பின் பணியகம் வகுத்த அளவுகோல், படைமருத்துவர் மார்ட்டின் ஃபக்லரின் ஆய்வுகளைத் தழுவியது. நூற்றுக்குப் பத்துப் பங்கு ஜெலற்றின் கலந்த கட்டியைத் தசைக்கு ஈடாக வைத்துச் சுடவேண்டும். குண்டு 12 அங்குலத்துக்குக் குறையாமலும் 18 அங்குலத்துக்கு மேற்படாமலும் ஊடுருவ வேண்டும். 1989ஆம் ஆண்டு அறிக்கையின் சாரம் யாதெனில், மூளையோ முள்ளந்தண்டு நாணோ தாக்கப்பட்டாலன்றி எக்கைத்துப்பாக்கியும் ஒருவனை அக்கணமே நிறுத்தாது என்பதாம். இருதயம் சிதைந்தவனும் பத்துப் பதினைந்து செக்கன்கள் இயங்கக்கூடும்.

இவ்வளவு தெளிந்த பின்னும் பெரிய எண்ணின் கவர்ச்சி விட்டபாடில்லை. பணியகம் முதலிற் 10 மில்லிமீற்றரை நாடிற்று. அதன் உதைப்பைப் பல அதிகாரிகளின் கைகள் தாங்கவில்லை. 1990இல் அதனைச் சுருக்கிய .40 பிறந்தது, 1997இற் பணியகம் அதனை ஏற்றது. 2014இல் அதே பணியகத்தின் பயிற்சிப் பிரிவு மீண்டும் 9 மில்லிமீற்றரையே பரிந்துரைத்தது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன. காரணம் இரண்டு. முதலாவது, உடலிற் பட்டதும் விரியும் குண்டுகளின் அமைப்புத் திருந்தியதால் 9, .40, .45 ஆகிய மூன்றின் காயங்களிடையே பெரு வேறுபாடு எஞ்சவில்லை. இரண்டாவது, மோதல்களிற் பொலிசார் சுடும் குண்டுகளில் நூற்றுக்கு எழுபது முதல் எண்பது வரை குறிதவறிப் போகின்றன. உதைப்புக் குறைந்தால் குறி கூடும்.

விரியும் குண்டு என்றதும் கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னும் ஊர் நினைவுக்கு வரும். அங்கிருந்த பிரித்தானியப் படைக்கலச் சாலையின் பெயரையே அக்குண்டு பெற்றது. 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் அதனைப் போரில் விலக்கியது. போர்க்களத்துக்குக் கொடிதெனப்பட்ட அது, உடலைக் கடந்து அப்பாலுள்ளவரைத் தாக்காதென்ற காரணத்தால் அமெரிக்க வீடுகளிற் காவற் பொருளாயிற்று.

நிற்க. விட்டத்துக்குப் பொருளே இல்லையா? உண்டு, ஆனால் அயல்வீட்டுக்காரர் எண்ணும் பொருள் அன்று. பொஸ்டன் நகரில் 2010 முதல் 2014 வரை சுடப்பட்டோரைப் பற்றி பிராகா, குக் என்னும் ஆய்வாளர் இருவர் 2018இல் வெளியிட்ட ஆய்வு அதனைக் காட்டுகிறது. .22 போன்ற சிறு விட்டத்தோடு ஒப்பிடுகையில், 9 மில்லிமீற்றர் போன்ற நடுத்தர விட்டத்தாற் சுடப்பட்டவர் இறக்கும் சாத்திய விகிதம் 2.3 மடங்கு; .40, .45 போன்ற பெரு விட்டத்துக்கோ 4.5 மடங்கு. காயங்களின் எண்ணிக்கையும் அவை பட்ட இடங்களும் பெரிதும் ஒத்திருந்தும் இவ்வேறுபாடு தோன்றியது.

நிறுத்துவது வேறு, கொல்வது வேறு என்பது இங்கேதான் எனக்கு விளங்கிற்று. பாய்ந்து வருபவனை இரண்டொரு செக்கனில் நிறுத்துவதற்கு விட்டம் தரும் உறுதி சொற்பம். சுடப்பட்டவர் பின்னர் மருத்துவமனை மேசையிற் பிழைப்பாரா என்பதிலோ அதன் பங்கு பெரிது. வாங்குபவர் கேட்பது முதலாவது கேள்வியை. எண் விடை சொல்வதோ இரண்டாவதற்கு.

அந்த இரண்டாவது கேள்வி கள்வனுக்கு மட்டும் உரியதன்று. 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவருள் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். வீட்டுக் காவலுக்கென வைத்த கருவி வீட்டாரையே கொள்ளும் இக்கணக்கு, 9 மேலா .45 மேலா என்று பேசுவோரின் அட்டவணைகளில் ஒரு நிரலாகவும் இடம்பெறுவதில்லை. கைத்துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது குடிமகனின் உரிமையென 2008இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வுரிமையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் உரிமை வேறு, கணக்கு வேறு.

மாணவருக்கு நான் எழுதிய மறுமொழி இது: "தம்பி, நீர் கேட்ட கணக்கில் இரண்டும் சமம். வாங்கத்தான் வேண்டுமென்றால் உதைப்புக் குறைந்ததை வாங்கும். ஆனால் நீர் கேளாத கணக்கொன்று உண்டு. இரவிற் கள்வன் வருவது ஆண்டில் ஒரு நாளாயிருக்கலாம், வராமலும் போகலாம். துப்பாக்கி முந்நூற்றறுபத்தைந்து நாளும் உம்முடைய மகனோடு ஒரே கூரையின் கீழ் இருக்கும். பரீட்சையிற் தவறிய நாளிலும், மனமுடைந்த நாளிலும் அது அங்கேதான் இருக்கும். அந்த நாளை முதலில் எண்ணிப் பாரும்."

இரு மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. அவர் 9 மில்லிமீற்றரை வாங்கிவிட்டார். அதனுடன் சுவரிற் பொருத்திய இரும்புப் பெட்டியொன்றும் வாங்கினாராம். திறப்பு அவரிடமே இருக்கிறதாம். பின்கதவுக்குப் புதுப் பூட்டும், முற்றத்துக்கு விளக்கும் போட்டிருக்கிறார். "விளக்குப் போட்ட பிறகுதான் சேர், இவள் நித்திரை கொள்கிறாள்" என்று எழுதியிருந்தார்.

அந்த வரியை நான் பலமுறை வாசித்தேன். விளக்கின் விலையை அவர் எழுதவில்லை. துப்பாக்கியின் விலையிற் சிறு பங்குதான் இருக்கும். இரும்புப் பெட்டியின் திறப்பைப் பற்றியே இப்போதும் நான் இடைக்கிடை எழுதிக் கேட்கிறேன்.