முட்டைக்குள் ஒரு காவல்காரன்!

கணியூர்ப் பக்கத்தில் கோழி வளர்க்கும் தாய்மார்களுக்கு, "வெள்ளைக்கழிச்சல்" என்றாலே கலக்கம்தான். கொடாப்பில் கவிழ்த்த கோழிக்குக் கழுத்து திருகும். கழிச்சல் கண்டு செத்துவிடும். ஒன்றுக்கு வந்தால் கூட்டமே காலி!

இதற்கு ராணிக்கேட் நோய் என்றும் பெயர். ராணிக்கேட் என்பது இமயமலைச் சாரலில் உள்ள ஓர் ஊர்.

முதல் காவல்

கிருமி புகுந்தால் கோழியின் உடம்பு சும்மா இருக்குமா? இராது. கிருமி தாக்கிய உயிரணு, ஒரு பொருளைச் சுரக்கும். "கள்ளன் வந்துவிட்டான், கதவைச் சாத்து!" என்று பக்கத்து அணுக்களை அது எச்சரிக்கும். அதன் பெயர் இன்டர்பெரான். இது பிறவியிலேயே அமைந்த காவல்.

இதைக் கண்டுபிடித்ததே கோழிமுட்டையில்தான்! 1957-ல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மான் என்ற இரண்டு விஞ்ஞானிகள், கரு வளரும் முட்டையின் சவ்வில் செயலிழந்த புளூ கிருமியைச் சேர்த்தார்கள். சவ்வு சுரந்த பொருள், வேறு சவ்வையும் கிருமியிடமிருந்து காத்தது. மனிதர் உடம்பிலும் இந்தக் காவல் உண்டு.

பலே கள்ளன்

பிறகு ஏன் கோழி சாகிறது? ராணிக்கேட் கிருமி பலே கள்ளன். 'வி' என்ற புரதத்தால் காவல்காரனின் வாயைக் கட்டிவிடுகிறது.

நோய் வந்தபின் அதைத் தீர்க்க மருந்து இல்லை. வருமுன் காப்பதே வழி. வலுக்குறைந்த கிருமியால் ஆன தடுப்பு மருந்து, கள்ளனை முன்கூட்டியே அடையாளம் காட்டிவிடும். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு. எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஊசி.

கோழி நன்றாக மேயும்போதே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். தலை தொங்கியபின் போய்ப் பயனில்லை!