தன்முனைப்பு முகாம் மட்டும் போதுமா?

1877-இல் ஒன்பது ரப்பர் கன்றுகள் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. அதே ஊரில் 1905-இல் அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் மேட்டுக்குடியினருக்குமாக மலாய்க் கல்லூரி எழுந்தது. பக்கத்தில் ஈப்போவில் 1895-இல் மெதடிஸ்ட் மிஷனின் ஏ.சி.எஸ்., 1909-இல் ஆண்டர்சன், 1912-இல் செயின்ட் மைக்கேல் என ஆங்கிலப் பள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. பால்மரம் சீவிய தமிழனின் பிள்ளைக்குக் கிடைத்ததோ லயத்துக்குப் பக்கத்தில் ஓர் அத்தாப்புக் கொட்டகை. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதான் அங்கே வாத்தியார்.

அந்தக் கொட்டகையும் தானாக வந்துவிடவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தியாக வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. பெயர் எழுதவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்தால் போதும், அதற்குப் பிறகு பையன் மரம் சீவ வந்துவிடுவான் என்பதே நிர்வாகங்களின் எண்ணம். தோட்டத்துப் பிள்ளை மேலே படிக்க வேண்டும் என்று அன்று யாரும் திட்டமிடவில்லை. நம் பிள்ளைகள் பின்தங்கியதற்கு அவர்களுடைய சோம்பலைக் காரணம் காட்டுகிறவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும்.

தோட்டம் போனது, பெயர் நின்றது

நாட்டிலேயே அதிகமாக, 134 தமிழ்ப்பள்ளிகள் பேராக்கில் உள்ளன. அவற்றில் பலவற்றின் பெயரில் இன்னும் 'தோட்டம்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் தோட்டம்தான் இல்லை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் நிலத்தைத் துண்டாடி விற்றார்கள். துண்டாடலில் வீதிக்கு வந்த குடும்பங்களைக் காக்க, சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் பிறகும் ரப்பர் செம்பனையானது. செம்பனை வீடமைப்புப் பகுதியானது. மக்கள் புந்தோங், மெங்லெம்பு, குனோங் ராப்பாட் என்று ஈப்போவின் ஓரங்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தார்கள்.

பள்ளி பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. 150 பேருக்கும் குறைவாகப் படிக்கும் பள்ளிகளைக் கல்வி அமைச்சு 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்துகிறது. நம் பள்ளிகளில் பல அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்து ஒரே ஆசிரியர் பாடம் நடத்துகிறார். நிலம் தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் அரசாங்கத்தின் பகுதி உதவி மட்டுமே பெறும் பள்ளிகளில், கூரை மாற்றவும் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நன்கொடைப் புத்தகத்தோடு அலைய வேண்டியிருக்கிறது. நகரத்துப் பெரிய பள்ளிக்கும் இவற்றுக்கும் பாடநூல் ஒன்றுதான், வாய்ப்பு ஒன்றல்ல.

ஆறாம் ஆண்டுக்குப் பிறகு

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அடுத்து தேசிய இடைநிலைப்பள்ளி. பாடங்கள் பெரும்பாலும் மலாய்மொழியில். மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாத பிள்ளைகள் பல தலைமுறைகளாகப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டாளிகள் முதலாம் படிவம் போக, பதின்மூன்று வயதில் பின்தங்கியவன் என்ற முத்திரையோடு ஒரு பிள்ளை தொடங்குகிறது. வீட்டில் மலாய் பேச ஆளில்லை, டியூஷனுக்குப் பணமில்லை, அப்பாவுக்கு இரவு வேலை. பள்ளியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத இந்தப் பிள்ளைதான் மூன்றாம் படிவத்தில் மட்டம் போடத் தொடங்குகிறது. கோவிட் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகள் இன்னும் பின்னே போயின. உலக அளவிலான பீசா தேர்வில் மலேசியாவின் கணிதப் புள்ளி 2018-இல் 440, 2022-இல் 409. மாணவர் எல்லாருக்கும் விழுந்த அடி இது. ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்தவர்களுக்கு அதிகம் வலித்தது.

ஊக்கம் எப்படிப் பிறக்கிறது?

ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு நெருங்கினால் மண்டபங்கள்தோறும் தன்முனைப்பு முகாம் நடக்கிறது. பேச்சாளர் உணர்ச்சியோடு பேசுகிறார், பிள்ளைகள் கண்கலங்குகிறார்கள். நல்லெண்ணத்தில் செய்வதுதான்; குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கண்ணீர் ஒரு வாரம் தாங்குவதில்லை. அடுத்த திங்கட்கிழமை கணக்குப் புரியாதபோது யாரிடம் கேட்பது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டு செயல்பட்டவர்கள் நம்மிடையே உண்டு. வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில் பல்கலைக்கழக மாணவர்களே வார இறுதிகளில் பாடம் நடத்தினார்கள். எதிரே நிற்கும் அண்ணனும் அக்காவும் தன்னைப்போலவே லயத்திலிருந்து வந்தவர்கள் என்று தெரியும்போது, பல்கலைக்கழகம் தனக்கும் எட்டும் என்று பிள்ளை நம்பத் தொடங்குகிறது. அந்த நிலையத்தின் கல்வி யாத்திரை, படிப்பைப் பத்துமலைக்குச் செல்லும் குடும்ப வேண்டுதலாகவே மாற்றியது. அதற்கும் முன்பே, சுங்கை சிப்புட்டில் சம்பந்தன் தம் சொத்திலிருந்து எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி 1954-இல் இந்தியத் தலைவர் விஜயலட்சுமி பண்டிட் கையால் திறக்கப்பட்டது. நல்ல கட்டடமும் நமக்குரியதுதான் என்று தொழிலாளர் பிள்ளைகளுக்கு அது சொன்னது.

வழிகாட்டும் ஆள் இருந்தால் மட்டும் போதாது. வழியும் திறந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் படிப்பின் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு என்ற நிலையில், நன்றாகப் படித்த நம் பிள்ளைகளே ஆண்டுதோறும் கலங்கி நின்றார்கள். எஸ்.பி.எம். தேர்வில் பத்து 'ஏ' பெற்றவருக்கு எந்த இனத்தவரானாலும் இடமுண்டு என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது வரவேற்கத்தக்கது. இருந்தும், கூடுதல் வகுப்புக்கே வழியில்லாத பிள்ளைக்குப் பத்து 'ஏ' எவ்வளவு தூரம்? ஆறு 'ஏ' வாங்கும் தோட்டத்துப் பிள்ளையின் உழைப்பையும் எடைபோடும் முறை வேண்டும்.

பிள்ளை இல்லாத இடத்தில் நிற்கும் பள்ளியைப் பிள்ளைகள் வாழும் இடத்துக்கு மாற்றும் அனுமதியை அமைச்சு விரைந்து தர வேண்டும். மலாய்மொழிக்கான கூடுதல் வகுப்பு நான்காம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். பிள்ளை புகுமுக வகுப்புக்குப் போகும்வரை காத்திருக்கக் கூடாது. சங்கங்களும் ஆலயங்களும் ஒருநாள் முகாமுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஆண்டு முழுவதும் மாலை வகுப்பு நடத்த முன்வரட்டும்.

தோட்டத்தில் பிறந்து படித்து இன்று ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் நல்ல வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய பள்ளிக்கு இந்த மாதம் ஒருமுறை போங்கள். தலைமையாசிரியரைப் பார்த்து, இரண்டு பிள்ளைகளின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். அவர்கள் ஐந்தாம் படிவம் முடிக்கும்வரை விட்டுவிடாதீர்கள்.